பீரோவுக்குப் பின்னால் ஈரம்

கேள்வி: ஆடி மாதமானால் பீரோவுக்குப் பின்சுவரில் ஈரம் பூத்துப் பூஞ்சை படிகிறது. ஒழுகலா, காற்றின் ஈரமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம், அம்மணி. சுவரைத் துடைத்துக் காயவிட்டு, அலுமினியத் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். உட்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாயையும் மொட்டை மாடியையும் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே பருவக்காற்று உங்கள் பக்கம்தான் நுழைகிறது. அந்த நாட்களில் அறைக்குள் துணி காயப்போடவே கூடாது என்பேன். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி மாட்டிக் காலையும் இரவும் குறித்து வாருங்கள். நாள்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், சமையல் முடிந்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.