நெல்லைப் பக்கம் முதல் தலைமுறை வக்கீல்கள் எங்கே நின்றுபோகிறார்கள்?

"இடஒதுக்கீடு இருந்தும் தலித், முஸ்லிம் பிள்ளைகள் கோர்ட்டில் ஏன் அதிகம் தென்படுவதில்லை? என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மேலப்பாளையத்துக்காரி. உம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் வக்கீல் யாரும் கிடையாது. நான் பார்த்தவரையில் கல்லூரியில் சேர்வதைவிட, பட்டம் வாங்கிய பிறகு வரும் முதல் மூன்று வருஷம்தான் ஆளை விரட்டுகிறது.

சேர வழி இருக்கிறது. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996-இல் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1, முஸ்லிம்களுக்கு 3.5. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து 7.5 சதவீதம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதை நினைத்தும் பார்ப்பதில்லை.

2014-இல் நான் வக்கீலாகப் பதிவு செய்தபோது கட்டணம், கவுன், சென்னைப் பயணம் எல்லாவற்றுக்கும் உம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று சொல்லிவிட்டது. இனி ஒரு கம்மலாவது மிஞ்சும்.

அடுத்தது சீனியர் ஆபீஸ், அதாவது மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து தொழில் பழகும் இடம். அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தால் நாற்காலி காத்திருக்கும். எங்களிடம் முதல் கேள்வியே "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்பதுதான். அது எதற்கு என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடம் கிடைத்தாலும் பஸ் காசு கூட வராத மாதங்கள் உண்டு. பகலில் வாய்தா வாங்கிவிட்டு, ராத்திரி உம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினேன். மாதிரி நீதிமன்றப் போட்டியில் என்னை இரண்டு முறை தோற்கடித்த களக்காட்டுத் தோழி, வீட்டுக் கடனுக்காக ஜவுளிக்கடை கணக்குக்குப் போய்விட்டாள். அந்த வாதத்திறமை பில் புத்தகத்தோடு முடிந்துபோனதை இன்றும் தாங்க முடியவில்லை.

ஆகவே காசைத்தான் முதலில் சொல்வேன். இளம் வக்கீல்களுக்கு மாதம் 3,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு என்று தமிழக அரசு 2020-இல் திட்டம் கொண்டுவந்தது. தகுதியிருந்தால் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். கிராமப்புறத்தில் ஜூனியருக்கு 15,000, நகரத்தில் 20,000 கொடுங்கள் என்று வக்கீல்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2024-இல் சொன்னது வெறும் பரிந்துரைதான். அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். கீழ்க்கோர்ட்டில் தமிழிலேயே வாதாடலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வேண்டிய ஆங்கிலம், தினம் ஒரு பழைய கேஸ் கட்டை எடுத்து வரி வரியாகப் படித்தால் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

இப்போது என்னிடம் நாங்குநேரிப் பக்கத்துத் தலித் பெண் ஒருத்தி ஜூனியராக இருக்கிறாள். எட்டாயிரம்தான் கொடுக்க முடிகிறது, ஆனால் ஒன்றாம் தேதி தவறியதில்லை. போன மாதம் அவள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பட்டா வழக்கோடு படியேறி வந்தார். என்னைப் பார்த்து, "நீங்க இருங்கம்மா, எங்க பாப்பாதான் வக்காலத்து போடணும்" என்றார்.