அமெரிக்காவில் பெண்களுக்கும் கட்டாய ராணுவ சேவை வருமா? அதை முடிவு செய்வது யார்?

கேள்வி கேட்டவரின் சந்தேகம் இதுதான்: அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டால் கட்டாய ராணுவ சேவை திரும்ப வந்துவிடுமா, வந்தால் பெண்களையும் அழைப்பார்களா?

அதிபர் கையெழுத்தால் மட்டும் வராது. அவர் படைகளுக்குத் தலைமைத் தளபதிதான், ஆனால் படையைத் திரட்டும் அதிகாரம் அரசியலமைப்புச் சட்டப்படி காங்கிரஸிடம், அதாவது பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றத்திடம், இருக்கிறது. அந்த காங்கிரஸும் தரைப்படைக்கு ஒரே தடவையில் இரண்டு வருஷத்துக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் கூடவே ஒரு முடிச்சும் போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டாயமாக ஆளெடுக்கும் அதிகாரம் 1973 நடுவில் காலாவதியானது, காங்கிரஸ் அதைப் புதுப்பிக்கவில்லை. இன்று மிச்சம் இருப்பது 18 முதல் 25 வயது ஆண்களின் பெயர்ப் பதிவேடு மட்டும்.

காங்கிரஸின் இந்த அதிகாரம் ஏதோ ஏட்டில் மட்டும் இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 1941 ஆகஸ்டில், ஏற்கனவே அழைக்கப்பட்டவர்களின் சேவைக் காலத்தை நீட்டிக்கலாமா என்று பிரதிநிதிகள் சபை வாக்களித்தபோது ஆதரவு 203, எதிர்ப்பு 202. ஒரே ஒரு ஓட்டு! நான்கு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அப்புறம் வியட்நாம் போர்க் காலம். 1969 டிசம்பர் 1 அன்று, யாரை முதலில் அழைப்பது என்று குலுக்கலில் முடிவு செய்ய, ஒரு கண்ணாடி ஜாடியில் 366 நீலக் குப்பிகளைப் போட்டார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதல் குப்பியை எடுத்தவர் அலெக்சாண்டர் பர்னி என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர், வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்கள்தான் வரிசையில் முதல் ஆள். குப்பிகளைச் சரியாகக் குலுக்கவே இல்லை, அதனால் வருஷக் கடைசி மாதங்களில் பிறந்த பையன்கள் அதிகமாக மாட்டினார்கள் என்று பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

சரி, பெண்கள் விஷயம். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு, 1980-ல் அதிபர் கார்ட்டர் பெயர்ப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தார். பெண்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்டார். காங்கிரஸ் மறுத்து, ஆண்களைப் பதிவு செய்ய மட்டும் பணம் கொடுத்தது. இது பாரபட்சம் என்று போன வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று காங்கிரஸ் பக்கம் நின்றது. பெண்களைச் சண்டைப் பிரிவுகளில் சேர்ப்பதில்லை, கட்டாய சேவையே சண்டைக்கு ஆள் திரட்டத்தான், ஆகவே இரு பாலரும் ஒரே நிலையில் இல்லை என்பது வாதம்.

2015 கடைசியில் அந்தக் காரணம் காலியானது. சண்டைப் பணிகள் எல்லாம் பெண்களுக்குத் திறக்கப்பட்டுவிட்டன. சட்டத்தில் உள்ள 'ஆண்' என்ற ஒற்றை வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு இதில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிற இடம் 2016. டங்கன் ஹன்டர் என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர், பெண்களும் பதிவு செய்ய வேண்டும் என்று தானே ஒரு திருத்தம் கொண்டுவந்தார், தானே அதை எதிர்த்து ஓட்டும் போட்டார். விவாதத்தைக் கிளப்பிவிட்டு இதைத் தோற்கடிக்கலாம் என்று பார்த்திருக்கிறார். சபையின் ராணுவ விவகாரக் குழுவில் அது 32-க்கு 30 என்று ஜெயித்துவிட்டது! அந்த ஆண்டு செனட்டின் பாதுகாப்பு மசோதாவிலும் பெண்கள் பதிவு இருந்தது. கடைசியில் இரு அவைகளும் சேர்ந்து எழுதிய வாசகத்தில் அதை எடுத்துவிட்டு, ஆராய ஒரு ஆணையம் அமைத்தார்கள். 2020-ல் அந்த ஆணையமும் பெண்களைச் சேருங்கள் என்றே சொன்னது. 2021-ல் மறுபடி குழுக்கள் ஏற்றன, மறுபடி டிசம்பரில் காணாமல் போனது. 2024-லும் அதே கதை.

நடுவில் 2019-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபெடரல் நீதிபதி, ஆண்களுக்கு மட்டும் பதிவு செல்லாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. காங்கிரஸ்தான் இதைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறதே, அது முடிவெடுக்கட்டும் என்று நீதிபதி சோட்டோமேயர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார், இன்னும் இரண்டு நீதிபதிகள் அதில் சேர்ந்துகொண்டார்கள். காங்கிரஸோ கையில் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, வாக்காளரிடம் போய் "உங்கள் மகளையும் பட்டியலில் சேர்த்தேன்" என்று சொல்ல வேண்டிய நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. என்னைக் கேட்டால், பதிவேடு வேண்டும் என்றால் இருவரையும் சேர்க்கட்டும், இல்லையென்றால் பதிவேட்டையே மூடட்டும். மூடச் சொல்லியும் அங்கே மசோதாக்கள் வந்திருக்கின்றன, அவையும் நகரவில்லை.

அடுத்த தடவை "பெண்களுக்கும் கட்டாய சேவை, குழு ஒப்புதல்" என்று தலைப்பைப் பார்த்தால் பதறாதீர்கள். அது பெயர்ப் பதிவைப் பற்றியதாகத்தான் இருக்கும், அதுவும் குழு அளவில். இறுதி மசோதாவில் அந்த 'ஆண்' என்ற வார்த்தை போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள்.