கடன் வாங்கி ஒரு டாக்டர் பட்டமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பொருளாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு பிஎச்.டிக்கு விண்ணப்பித்தாள், எங்கும் கிடைக்கவில்லை. பணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் டி.பி.ஏ. (வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டம்) படிப்பு ஒன்றை அவளுடைய பெரியப்பா காட்டி, "எப்படியும் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும்" என்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நான் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் முன்பணம் கட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது. வேண்டாம்.

டி.பி.ஏ. மோசமான படிப்பு அல்ல. பல வருடம் நிர்வாகத்தில் இருந்தவர்கள், வேலையை விடாமல், பெரும்பாலும் சொந்தச் செலவிலோ நிறுவனத்தின் செலவிலோ படிப்பது அது. இப்போதுதான் கல்லூரியை விட்டு வந்த பெண்ணுக்கு அதில் என்ன வேலை?

பணத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அமெரிக்காவின் நல்ல பொருளாதாரத் துறைகளும் வணிகப் பள்ளிகளும் பிஎச்.டி மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் தருகின்றன. நெதர்லாந்திலும் வட ஐரோப்பாவிலும் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியராகவே சேர்த்துக்கொள்கிறார்கள். உதவித்தொகை இல்லாமல் வரும் அனுமதிக் கடிதத்தை மரியாதையான மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேறு என்ன வழி? பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: ப்ரீடாக். பிஎச்.டிக்கு முன் ஒன்றிரண்டு வருடம் ஒரு பேராசிரியரிடம் முழுநேர ஆய்வு உதவியாளராக, சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ போன்ற இடங்களில் இருக்கிறது. வளரும் நாடுகளில் களஆய்வு செய்யும் ஜே-பால் அமைப்பும் ஆய்வு உதவியாளர்களை எடுக்கிறது. அமெரிக்காவின் பொருளாதார ஆய்வு அமைப்பான என்பிஇஆர் தன் இணையதளத்தில் இந்த வேலைகளைத் தொகுத்துப் போடுகிறது. விசா உதவி எல்லா இடத்திலும் கிடைக்காது, அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வேலை பளபளப்பானது அல்ல. ஒரே ஆளுக்கு ஒரு கணக்கெடுப்பில் பிறந்த வருடம் 1978, அடுத்ததில் 1987 என்று இருக்கும். எது சரி என்று முடிவெடுத்து, ஏன் என்று கணினி நிரலிலேயே குறித்துவைக்க வேண்டும். அப்புறம் ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிய முடிவு நேற்று வந்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால் பாதி நாள் அதிலேயே போகும். பல இடங்களில் வேலைக்கு நடுவே ஒரு பாடமும் எடுக்கலாம். அவள் ரியல் அனாலிசிஸ் என்ற உயர்கணிதப் பாடத்தை எடுக்கட்டும். பிஎச்.டி முதல் வருடப் பாடங்கள் கணிதத்தில்தான் ஆளைச் சாய்க்கும், சேர்க்கைக் குழுவும் அந்த மதிப்பெண்ணைத் தேடிப் பார்க்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் பரிந்துரைக் கடிதம். வகுப்பில் முதல் மாணவி என்று எழுதும் கடிதத்துக்கும், கூடவே இருந்து வேலையைப் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கும் உள்ள தூரம் அதிகம்.

இரண்டு வருடம் வீணா என்று அவள் அப்பா கேட்பார். பிஎச்.டியே ஐந்தாறு வருட வேலை. நடுவில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. தனக்கு இது ஒத்துவருமா என்பது அவளுக்குச் சம்பளத்தோடு முன்பே தெரியவரும்.

கடிதத்தின் அடியில் அவள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "பட்டம் முக்கியமில்லை, தரவுகளோடு இருக்கப் பிடிக்கும்." இதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். ப்ரீடாக் தேர்வில் பெரும்பாலும் ஒரு தரவுத்தொகுப்பை அனுப்பி, குறித்த நேரத்துக்குள் அலசித் தரச் சொல்வார்கள். அதற்குப் பழக, அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் இதழ்களில் வந்த ஒரு கட்டுரையை அவள் எடுக்கட்டும். பல கட்டுரைகளின் தரவும் நிரலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒரு அட்டவணையை, ஆசிரியர்களின் நிரலைப் பார்க்காமல், தானே போட்டுப் பார்க்கட்டும். எண்கள் பொருந்தாமல் போனாலும் விடாமல் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.