ஏ.ஏ. உறுப்பினர் கவுன்சிலராகச் சம்பளம் வாங்கலாமா?

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாகக் குடிக்கவில்லை. குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாக உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் குழு ஒன்றுக்குச் செயலாளராகவும் இருக்கிறார். உள்ளூர் போதை மறுவாழ்வு மையம் அவரைக் கவுன்சிலர் (ஆலோசகர்) வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. குழுவின் மூத்த உறுப்பினரோ, "இலவசமாகக் கிடைத்ததை விற்கப் போறியா?" என்று கேட்டுவிட்டாராம். வேலைக்குப் போகலாமா, போனால் குழுச் சேவையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

தாராளமாகப் போகலாம். ஏ.ஏ. குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு நெறிகளை 'மரபுகள்' என்பார்கள். அவற்றில் எட்டாவது, இந்த அமைப்பு என்றைக்கும் தொழில்முறையாகிவிடக் கூடாது என்கிறது. ஏ.ஏ.யின் சொந்தச் சேவை மையங்களில் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் தன் கதையைச் சொல்லிக் கைகொடுப்பதற்குக் காசு கூடாது, அவ்வளவுதான். மையத்தில் நீங்கள் பார்க்கப்போவது ஷிப்ட், கேஸ் பைல், குடும்பத்தாருக்கான ஆலோசனை. குடியே தொடாத ஒரு பட்டதாரி இதே வேலையைச் செய்தாலும் அவருக்குச் சம்பளம் உண்டு.

மூத்தவரின் கோபத்துக்கும் வரலாறு இருக்கிறது. ஏ.ஏ. 1935இல் தொடங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனை, தன்னிடமே சிகிச்சை பெற்றிருந்த இணை நிறுவனர் பில் வில்சனுக்கு வேலையும் லாபத்தில் பங்கும் தர முன்வந்தது. மனைவி லோயிஸின் கடை வேலைச் சம்பளத்தில்தான் அப்போது வீடு ஓடியது. ஆனாலும் குழுவினர் வேண்டாம் என்றார்கள், அவரும் விட்டுவிட்டார். அங்கே விலை பேசப்பட்டது அந்தக் குழு செய்துவந்த வேலையே. உங்கள் விஷயம் அப்படியில்லை. (பின்னாளில் பில்லுக்குப் புத்தக ராயல்டி வந்தது. அதை அமைப்பும் ஏற்றுக்கொண்டது.)

சிக்கல் வேறு இடத்தில் வரும். மையத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் உங்கள் குழுவுக்குத்தான் வருவார்கள். காலையில் உங்கள் முன்னால் நோயாளியாக உட்கார்ந்தவர் மாலையில் பக்கத்து நாற்காலியில் இருப்பார். அவர் முன்னால், "நேற்று எனக்கே குடிக்கத் தோன்றியது" என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்தக் கூட்டம் உங்களுக்கு உதவாது. அவர்கள் வராத இன்னொரு குழுவை உங்களுக்கென்று பிடித்துக்கொள்ளுங்கள். நோயாளிகளை அழைத்துக்கொண்டு போகிற கூட்டம் டூட்டிதான். அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். மையத்தில் நீங்கள் பார்ப்பவருக்கு ஸ்பான்சராகவும் (ஏ.ஏ.யில் புதியவருக்குத் துணையாக நின்று வழிகாட்டுபவர்) ஆகாதீர்கள். கூட்டத்தில் கேட்டது கேஸ் பைலில் ஏறக் கூடாது, பைலில் படித்தது கூட்டத்தில் வாய் தவறியும் வரக் கூடாது. இதில் ஏ.ஏ. மரபு மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது, குடி, போதை சார்ந்த மனநலப் பாதிப்புகளும் அதில் அடக்கம். விசிட்டிங் கார்டில் ஏ.ஏ. பெயர் வேண்டாம். கூட்டத்தில் மையத்துக்கு ஆள் பிடிக்கவும் வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. சில மையங்களில், "நீயும் குடியிலிருந்து மீண்டவன்தானே, சேவையா நினைச்சுக்கோ" என்று சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்து இரவுபகலாக வேலை வாங்கிவிடுவார்கள். எனக்கு மூத்தவரின் கேள்வியைவிட இதுதான் பெரிய கவலை. தூக்கம் கெட்டு, வீட்டில் சண்டை வந்து, கூட்டத்துக்குப் போக நேரமில்லாமல் போனால் பழைய பாட்டில் தேடி வரும். அதனால் வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். குடித்த அனுபவம் மட்டும் ஒருவரைக் கவுன்சிலராக்காது.

குழுச் சேவையை விட வேண்டியதில்லை, செயலாளர் பொறுப்பை மட்டும் மாற்றிக் கொடுங்கள். நாற்காலி போடுவது, டீ போடுவது, புதிதாக வருபவரை வாசலில் வரவேற்பது எல்லாம் அப்படியே இருக்கட்டும். ராத்திரியில் நோயாளியின் வீட்டிலிருந்து போன் வந்தால், மையத்தில் டூட்டியில் இருப்பவரின் எண்ணைக் கொடுங்கள். கூட வந்து உட்கார ஒரு ஏ.ஏ. ஆள் வேண்டுமென்று கேட்டால், அந்த மூத்தவரையே அனுப்புங்கள்.