கறண்ட் பில்லைப் பிரிக்க முதல் மீட்டரைப் பாருங்கோ

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில நாலு பேர் ஆளுக்கொரு அறை எடுக்கிறம். கறண்ட் பில்லை எப்பிடிப் பிரிக்கிறது?

தம்பி, மின்சார சபையின்ர மீட்டர் ஒண்டு, அறைக்கு அறை வீட்டுக்காரர் பூட்டின சப் மீட்டர் எண்டு நினைச்சுச் சொல்லுறன். அங்கத்தைய வீடுகள் கனக்க அப்பிடித்தான்.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியா ஏறும். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினா முதல் யூனிற்றின்ர விலையே கூடும், நிலையான கட்டணமும் ஏறும். அறைக்கு 40 யூனிற் பெரிசில்லை. நாலும் ஒரு மீட்டரில சேர்ந்தா 160, எல்லாருமே மேல்படியில நிப்பியள். அதை மாத்தேலாது. ஆனா கடைசிப் படியின்ர விலையை எல்லா யூனிற்றுக்கும் போட்டு வாங்கிறது பிழை. முழுப் பில் காசை மொத்த யூனிற்றால பிரிச்சு, உங்கட சப் மீட்டர் யூனிற்றால பெருக்குங்கோ. சப் மீட்டர் எல்லாம் கூட்டியும் மொத்தத்துக்குக் குறைஞ்சா, மிச்சம் முத்தத்து லைற்றும் மோட்டரும். அதை நாலாப் பிரியுங்கோ. பில்லை மாதாமாதம் கண்ணால பார்க்க வேணும்.

அட்வான்ஸ் குடுக்க முதல் ஒரு சோதனை. அறையில எல்லாத்தையும் நிப்பாட்டி, பிளக்குகளையும் கழட்டிப்போட்டு, சப் மீட்டரின்ர சிவப்பு லைற்றைப் பத்து நிமிசம் பாருங்கோ. மினுங்கினா வேற ஆற்றையோ வயர் உங்கட மீட்டருக்குப் பின்னால ஓடுது. பிறகு தண்ணி மோட்டரைப் போடச் சொல்லுங்கோ. ஒரு குதிரைவலு மோட்டர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிற் இழுக்கும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினாலே மாதம் 30. அது உங்கட மீட்டரில ஏறினா முழு வளவுக்கும் நீங்கள் தண்ணி இறைக்கிறியள். வீட்டுக்காரரைக் கள்ளர் எண்டுறன் எண்டு ஆரும் சண்டைக்கு வராதேங்கோ. வயரிங் செய்தவர் கிட்டக் கிடந்த வயரில குடுத்திருப்பார், வீட்டுக்காரருக்கே தெரிஞ்சிராது.

கிணத்தைத் தை மாதம் பார்த்து நம்பாதேங்கோ. ஆவணி, புரட்டாதியில எவ்வளவு நிக்கும் எண்டு பக்கத்து வளவில கேளுங்கோ. தண்ணி, உறிஞ்சிற குழாயின்ர அடியில இருக்கிற புட்வால்வுக்குக் கீழ இறங்கினா மோட்டர் வெறுமையா ஓடி எரிஞ்சுபோகும். திருத்திற செலவு ஆற்றை எண்டு முதலே பேசி எழுதுங்கோ. 2018 மார்கழி வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறினதோ எண்டும் கேளுங்கோ.

நீங்கள் கேக்காத ஒண்டு, சொல்லாமல் விட மனம் வரேல்ல. வீட்டுக்காரர் கனடாவில இருப்பார், காசு வாங்கிறது அவற்றை மச்சான். பிறகு "மச்சானிட்டக் குடுத்ததுக்கு நான் பொறுப்பில்லை" எண்டு போனில சொன்னா, படிக்கிற பிள்ளையள் எங்க போறது? மச்சானுக்கு வீட்டுக்காரர் அதிகாரம் எழுதிக் குடுத்த அற்றோணித் தத்துவப் பத்திரத்தின்ர பிரதி கேளுங்கோ. வெள்ளைத்தாளில "ஒரு வருசம்" எண்டு எழுதி முத்திரை ஒட்டினாலும் காணாது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில எழுதப்பட வேணும். அந்தச் செலவு வேண்டாமெண்டால் மாத வாடகைக்கு இருங்கோ. அட்வான்ஸுக்கு மட்டும் திகதியும் வாங்கினவற்றை அடையாள அட்டை இலக்கமும் போட்ட ரசீது கட்டாயம். குடிபோற அண்டைக்கு, காத்தாடியைப் போட முதல், நாலு சப் மீட்டரையும் பெரிய மீட்டரையும் படம் எடுத்து நாலு பேரின்ர போனிலயும் வையுங்கோ.