கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரியில்) அன்றாடக் குறைகளை நிர்வாகத்திடம் சொன்னால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் காலேஜ் பிரசிடென்ட்டுக்கு (நம்மூர் முதல்வர் மாதிரி) நேரடியாக ஒரு நீண்ட மின்னஞ்சல் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வழியில் எடுபடாது. வைஃபை அடிக்கடி போகிறது, கேன்டீன் மதியத்தோடு மூடிவிடுகிறது, லிஃப்ட் ரிப்பேராகவே கிடக்கிறது என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டால், மற்ற இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்று துறைக்காரர்களும் விட்டுவிடுவார்கள்.

"நமக்கெதுக்கு வம்பு, விசாவுக்கு ஏதாவது ஆகிடும்" என்று ரூம்மேட் பயமுறுத்துவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் ஊரிலிருந்து நேராக வந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விசா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வந்தது எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவியாக. வீட்டுக்காரருக்கு சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்கத் தடை இல்லை. மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்ததற்கான அத்தாட்சிகளைக் காட்டி உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி வாங்கினேன். ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) 46 டாலர். அவர் அலுவலகத்திலிருந்து வந்து மகளைப் பார்த்துக்கொள்ள, நான் மாலை வகுப்பில் அக்கவுன்டிங் சேர்ந்தேன். காலேஜ் பெயரைச் சொல்லப்போவதில்லை. எது என்று ஊகித்தாலும் தயவுசெய்து கமெண்டில் எழுதாதீர்கள், அங்கே எனக்குப் பாடம் நடத்தியவர்கள் தங்கமான மனிதர்கள்.

வகுப்பு இரண்டாம் மாடியில், முடிய இரவு பத்தாகிவிடும். நடுவில் ஒரு பத்து நிமிட இடைவேளை. அந்த நேரத்துக்கு மாடியில் இருக்கிற பெண்கள் ரெஸ்ட்ரூம் பூட்டியிருக்கும். கீழ்த்தளத்திலும் பூட்டு. திறந்திருப்பது பார்க்கிங்கைத் தாண்டி ஜிம் கட்டடத்தில் இருக்கிற ஒன்றுதான். அந்தப் பார்க்கிங்கில் பாதி விளக்கு எரியாது. ஓடிப்போய் வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் தேய்மானக் கணக்கு போர்டில் பாதி அழிக்கப்பட்டிருக்கும். என் பக்கத்து இருக்கை ஒரு வியட்நாம் அம்மா, பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர், சர்க்கரை வியாதி உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டார். "வகுப்பு நாளில் அப்படித்தான்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். சர்க்கரை இருக்கிறவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கெடுதல் என்று வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பாத்ரூமுக்கா இவ்வளவு பெரிய பதில் என்று யாராவது கேட்பீர்கள். கேட்பவர் ஆணாகத்தான் இருப்பார். என் வீட்டிலேயே கேட்டாயிற்று.

முதலில் நான் போனது 'பிரசிடென்ட்டோடு பீட்சா' என்று போஸ்டர் ஒட்டியிருந்த ஒரு கூட்டத்துக்கு. மாணவர்கள் மனம் திறந்து பேசலாம், நிர்வாகம் கேட்கும் என்று போட்டிருந்தது. நடந்தது புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. மாலை வகுப்புக்கு வருகிற ஒருவர்கூட அந்த நேரத்துக்கு வர முடியாது, எல்லாரும் எங்கேயாவது வேலையில் இருப்பார்கள். எனக்கு வேலை இல்லாததால் மகளை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பிரசிடென்ட் நல்லவர், கையைப் பிடித்துக் குலுக்கினார், மகளுக்குப் பீட்சாவில் அன்னாசிப் பழத்தை எடுத்துவிட்டுத் தரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் "மிக முக்கியமான கருத்து" என்றார். பக்கத்தில் இருந்த பெண் அதை ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அந்தச் சுவரில் ஏற்கெனவே முப்பது நாற்பது சீட்டு இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவை எங்கே போயின என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஊரில் நான் படித்த கல்லூரியில் இது வேறு மாதிரி. "உயர்திரு முதல்வர் அவர்களுக்கு, பொருள்: விடுதியில் குடிநீர் வேண்டுதல் தொடர்பாக" என்று முழுத்தாளில் எழுதி, எச்ஓடி கையெழுத்து வாங்கப் போனால், முதல் கேள்வி "யாரெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்பதாக இருக்கும். அடுத்து "அப்பாவைக் கூட்டிட்டு வா." தண்ணீர் கேட்டதற்கு அப்பாவா என்று அப்போது புரியவில்லை. அந்த ஊர்க்காரியான எனக்குப் பீட்சாவும் புன்னகையுமே பெரிய மரியாதையாகத் தோன்றியது உண்மைதான். ஆனால் பூட்டு பூட்டாகவே இருந்தது.

பிறகுதான் மாணவர் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, இங்கே எல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொடுத்தான். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் உங்கள் கட்டண ரசீதில் 'மாணவர் பிரதிநிதித்துவக் கட்டணம்' என்று 2 டாலர் இருக்கும். 2020-க்கு முன்னால் அது 1 டாலர். இப்போது அதில் 1 டாலர் மாநில அளவில் இருக்கிற மாணவர் செனட்டுக்குப் போகிறது. விருப்பமில்லை என்றால் கட்டாமல் இருக்கவும் உரிமை உண்டு. நான் ரசீதைச் சரியாகப் பார்க்காமலே கட்டி வந்திருக்கிறேன். கட்டினவள் கேட்கலாம் இல்லையா?

காலேஜுக்கு மேலே டிஸ்ட்ரிக்ட், அதாவது காலேஜை நடத்துகிற வட்டார அமைப்பு, அதற்கு ஒரு போர்டு. உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற உறுப்பினர்கள். அவர்களோடு ஒரு மாணவர் உறுப்பினரும் உட்காருவார். அவருடைய ஓட்டு கணக்கில் சேராது, வெறும் ஆலோசனை ஓட்டுதான், ஆனால் பேச்சு பதிவாகும். அந்தப் போர்டுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். 1953-ல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று கலிஃபோர்னியாவில் இருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். குடியுரிமை வேண்டாம், ஓட்டு வேண்டாம். உள்ளே வர ஒரு காகிதத்தில் பெயர் எழுதச் சொல்வார்கள், அதுகூடக் கட்டாயம் கிடையாது.

"இதுக்கெல்லாமா மைக் பிடிப்ப?" என்றார் வீட்டுக்காரர். பிடித்தேன். எங்கள் போர்டில் ஆளுக்கு மூன்று நிமிடம். எதிரே ஒரு மின்னணுக் கடிகாரம், பச்சை, மஞ்சள், சிவப்பு. வியட்நாம் அம்மா தன் தண்ணீர் பாட்டில் கதையைத் தன் பெயர் சொல்லாமல் சொல்ல அனுமதி கொடுத்திருந்தார். அதைச் சொன்னேன், எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சொன்னேன். சிவப்பு வருவதற்குள் முடித்தேன். முடித்ததும் போர்டு தலைவர் "நன்றி" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டு வீடு வரும்வரை எனக்கு முகம் எரிந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தைப் போர்டு விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், ஊழியர்களைப் பார்க்கச் சொல்லலாம், அடுத்த கூட்டத்தின் நிரலில் சேர்க்கச் சொல்லலாம். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உங்களுக்கு இப்போது சொல்கிறேன்: அங்கே பேசிவிட்டு மௌனம்தான் கிடைத்தது என்றால் சோர்ந்துபோகாதீர்கள். அந்த மௌனத்துக்கு நடுவில் ஒரு துணைத் தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் விஷயத்தில் எடுத்திருந்தார். மறு வாரம் கட்டடப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. போய்ப் பார்த்தால், பூட்டுவதற்கு யாரும் உத்தரவே போடவில்லை! முன்பு அந்தக் கட்டடத்தில் எட்டு மணிக்கு மேல் வகுப்பு கிடையாதாம். அப்போது போட்ட பூட்டும் நேரப் பட்டியலை யாரும் மாற்றவில்லை. வகுப்பு அட்டவணை போடுகிற அலுவலகம் ஒரு பக்கம், சாவி இருக்கிற அலுவலகம் இன்னொரு பக்கம். இடையில் ராத்திரி ஷிஃப்டில் ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர், மூன்று கட்டடத்துக்கு. சுத்தம் செய்த கையோடு பூட்டிக்கொண்டு போவார், இல்லாவிட்டால் மறுபடி வந்து சுத்தம் செய்ய வேண்டும். அந்த அக்காவை எனக்கு முகம் தெரியும், தினம் "குட் நைட் மமா" (ஸ்பானிஷில் அம்மா) என்பார் ஸ்பானிஷ் வாடையோடு. எங்கள் வகுப்பில் சிலர் அவர்மேல்தான் கோபமாக இருந்தார்கள். அவர்மேல் புகார் எழுதலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். நல்லவேளை, யாரும் எழுதவில்லை.

முடிவு? கீழ்த்தள ரெஸ்ட்ரூம் பத்தரை வரை திறந்திருக்கும் என்று கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள், திறந்தும் இருந்தது. மாடியில் இருப்பது பூட்டியே இருந்தது, ஆள் இல்லை என்றார்கள். பார்க்கிங் விளக்கு நான் படித்து முடிக்கும்வரை எரியவில்லை. அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டுமாம். முழு வெற்றி என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. வியட்நாம் அம்மா வகுப்பில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார், எனக்கு அது போதும்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. நம் ஆட்கள் கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஏன் இப்படி முகம் சுளிக்கிறார்கள்? பொங்கல் விழாவில் ஒரு மாமி, "ஓ, அங்கேயா... சும்மா டைம்பாஸுக்கா?" என்று கேட்டார். அவர் மகன் தனியார் பல்கலைக்கழகத்தில், வருடச் செலவைக் கேட்டால் தலை சுற்றும். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கு மாறிப் போகிறவர்கள் ஏராளம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் இடம் உறுதி என்று எழுதியே கொடுக்கின்றன. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் அதில் இல்லை, ஆனால் அங்கேயும் எடுக்கிறார்கள். இதைச் சொன்னால் "நம்ம பையன் கண்ட ஆட்களோடு உட்காரணுமா" என்கிற மாதிரி ஒரு பார்வை. பகலில் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிவிட்டு ராத்திரி தேய்மானக் கணக்குப் போடுகிறவரோடு உட்கார்ந்து படித்ததில் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. ஊரில் இருக்கிற என் மாமனாரிடம் இன்றுவரை "காலேஜில் படிக்கிறாள்" என்று மட்டும்தான் என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். என்ன காலேஜ் என்று சொல்லவில்லை. அதைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி போடுங்கள், வந்து எழுதுகிறேன்.

சரி, உங்கள் மூன்று குறைகள். லிஃப்ட்டை முதலில் எடுங்கள், அதுதான் உங்கள் கையில் இருக்கிற வலுவான சீட்டு. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. மாடியில் வகுப்பு, லிஃப்ட் ஓடவில்லை, சக்கர நாற்காலியில் வருகிற மாணவர் போக முடியவில்லை என்றால் அது வெறும் ரிப்பேர் வேலை இல்லை. மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகம் ஒன்று ஒவ்வொரு காலேஜிலும் உண்டு, அவர்களுக்கு எழுதுங்கள், பராமரிப்பு அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். வைஃபை என்றால் ஐடி உதவி மையத்தில் டிக்கெட் போடுங்கள். "வைஃபை மோசம்" என்று போட்டால் மூடிவிடுவார்கள். எந்தக் கட்டடம், எந்த அறை, எத்தனை மணி என்று போட வேண்டும். உங்கள் நண்பர்களையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், ஒரே கடிதத்தில் ஐம்பது கையெழுத்தைவிட அது வேலை செய்யும். கேன்டீன் கஷ்டம். அது பெரும்பாலும் குத்தகைக்காரர் கையில் இருக்கும், மதியத்துக்கு மேல் விற்பனை இல்லை என்பார். ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கிறார்கள் என்று மாணவர் சங்கத்தில் கேட்டு அந்தச் சமயத்தில் பேசுங்கள். கமிட்டிகளில் மாணவருக்கு என்று நாற்காலி இருக்கும், பல நேரம் காலியாகவும் இருக்கும். 1988-ல் வந்த ஏபி 1725 என்கிற மாநிலச் சட்டத்திலிருந்து மாணவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது விதி. பகல் வகுப்புக்காரராக இருந்தால் நீங்களே போய் உட்காரலாம். என்னால் முடியவில்லை, எல்லாக் கூட்டமும் பகல் இரண்டு மணிக்கு.

விசா பற்றி: நான் வக்கீல் இல்லை, இதை வைத்து யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எஃப்-1 மாணவர்களைப் பற்றிக் காலேஜ் அரசுக்குத் தெரிவிப்பது சேர்க்கை, முகவரி, படிப்பு மாற்றம் போன்றவைதான். லிஃப்ட் ஓடவில்லை என்று சொன்னது அந்தப் பட்டியலில் வராது. செமஸ்டருக்கு 12 யூனிட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீடு மாறினால் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். ரூம்மேட் மறுபடி பயமுறுத்தினால் அவரையும் அதே அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள்.