சிக்மா போன பிறகு பிடி எங்கே?

கேள்வி: டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸை டி.என்.ஏ.வில் சரியான இடத்தில் அமர்த்துவது சிக்மா காரணி என்ற புரதம். படியெடுத்தல் தொடங்கியதும் அது பிரிந்துவிடும் என்று படித்தேன். அப்படியானால் நொதி டி.என்.ஏ.வை விட்டு நழுவிவிடாதா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: நழுவாது, மகளே. இடம் கண்டுபிடிப்பது ஒரு வேலை, பிடித்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் செய்பவை நொதியின் வெவ்வேறு துணை அலகுகள், அதாவது அது உருவாகச் சேரும் தனித்தனிப் புரதங்கள்.

ஈ.கோலை பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆல்பா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா பிரைம், சிறிய ஒமேகா ஆகியவை சேர்ந்த மைய நொதி டி.என்.ஏ.வில் எங்கும் ஒட்டும். மரபணுவின் தொடக்கம் அதற்குத் தெரியாது. ஈ.கோலையின் முக்கிய சிக்மாவான சிக்மா 70 வந்து சேர்ந்தால்தான், படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 35, 10 எழுத்துகள் முன்னே இருக்கும் மைனஸ் 35, மைனஸ் 10 வரிசைகள் பிடிபடும். மைனஸ் 35-ஐ இரட்டை இழையாக இருக்கும்போதே சிக்மா தொட்டறிகிறது. மைனஸ் 10-இல் நடப்பதோ வேறு. அங்கே மைனஸ் 11-ஆம் இடத்து அடினினும் மைனஸ் 7-ஆம் இடத்துத் தைமினும் ஆகிய டி.என்.ஏ. எழுத்துகள் இழையிலிருந்து வெளியே புரண்டு, சிக்மாவில் உள்ள இரு குழிகளுக்குள் புகுந்துகொள்கின்றன. இழைகள் பிரிவது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.கூடச் செலவாவதில்லை! இவ்வளவையும் 'அடையாளம் காண்கிறது' என்று இரண்டே சொற்களில் கடந்துபோகிற புத்தகங்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

இனி, பிடி. 1999-இல் தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவின் மைய நொதி அமைப்பு வெளியானபோது, பீட்டாவும் பீட்டா பிரைமும் நண்டுக் கொடுக்கின் இரு விரல்கள் போல நிற்பது தெரிந்தது. டி.என்.ஏ. அவற்றின் இடுக்கில் கிடக்கிறது. புதிய ஆர்.என்.ஏ. வளர வேண்டிய வழியில் முதலில் சிக்மாவின் ஒரு வளைவு குறுக்கே நிற்கும். அதனால் சில குட்டித் துண்டுகள் முழுமையடையாமலே உதிர்ந்துவிடும். ஒரு துண்டு நீண்டு அந்த வளைவைத் தள்ளும்போதுதான் சிக்மாவின் பிடி தளர்கிறது. அதற்குள் ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.வும் ஒன்பது பத்து இணைகளாகக் கோத்துக்கொண்டு கொடுக்கிற்குள் உறுதியாக அமர்ந்திருக்கும். சிக்மா உடனே விலகியாக வேண்டும் என்பதும் இல்லை. சில வேளை கொஞ்ச தூரம் கூடவே போகிறது.

ஆர்.என்.ஏ. வளரும் இந்த வழியைத்தான் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பீட்டாவில் அமர்ந்து அடைக்கிறது. இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் ஆர்.என்.ஏ. நீளாது. காசநோய்க் கிருமியின் பீட்டாவில் 450-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம் லூசினாக மாறிவிட்டால், மருந்தால் அங்கே சரிவர ஒட்ட முடியாது. நோயாளிக்கு வேறு மருந்து தேட வேண்டியிருக்கும்.